மலைநாட்டுத் தப்பு: அடியும் தேய்வும்

மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்திலே சேவல் கூவுமுன் தப்பு ஒலித்தது. கிழக்கு வெளுக்காத வேளை. லயக் கூரைத் தகரங்களிலிருந்து பனிநீர் சொட்டிக்கொண்டிருக்கும். தப்படிப்பவர் கம்பளியைத் தலையோடு போர்த்தவராய் வெளியே வந்து, லய வாசலில் நின்று முதலடியை அடிப்பார். அந்த ஓசை கேட்டதும் அடுப்புக்கள் மூளும், குழந்தைகள் எழுப்பப்படுவர், கூடையையும் படங்கையும் எடுத்துக்கொண்டு பெண்களும், கத்தியையும் முள்ளையும் எடுத்துக்கொண்டு ஆண்களும் பிரட்டுக்களத்துக்கு நடப்பர். பிரட்டு என்பது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல் தோட்டத்து நாவிற் பட்டுத் திரிந்த வடிவம். அங்கே ஆட்களைக் கணக்கெடுத்து, இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரித்துக் கொடுப்பர். அவர்களை அழைத்த அடிக்குப் பிரட்டுத் தப்பு என்று பெயர். பின்னாளிற் கொம்பும், மணியும், தொழிற்சாலைச் சங்கும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. பிரட்டுத் தப்பு ஓய்ந்தது.

மலைநாட்டின் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதை இந்த விடியற்காலை முழக்கத்தோடுதான் தொடங்குகிறது. தோட்டத்து வாழ்க்கையின் முதலோசை அதுவே என்பதை அவர் அறிந்திருந்தார். அவருக்குப் பின் வந்தோரும் தப்பின் ஓசையைப் பற்றியும், அதனோடு பாடப்படும் பாடல்களைப் பற்றியும், கூத்துக்களைப் பற்றியும் மிகுதியாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஓசைக்குக் காரணமான பொருளைப் பற்றி எழுதியவர் குறைவு. ஒரு தப்பு முதலில் எந்த இடத்திற் கிழியும்? ஏன் ஒருவர் கையில் ஆண்டுக்கணக்காக உழைக்கும் தோல், வேறொருவர் கையில் ஒரு திருவிழாவுக்குள் வெடித்துவிடுகிறது? நுவரெலியாவின் மூடுபனிக்குள் தப்பு ஏன் ஊமையாகிறது? அடிப்பவர்கள் இவற்றுக்கெல்லாம் விடை அறிவார்கள். அவ்விடைகள் கைப்பழக்கமாய், தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தவை. ஏட்டில் ஏறியவை அல்ல.

தப்பின் அமைப்பு மிக எளியது. விளைந்து உலர்ந்த மரத்திலிருந்து வளைவாகச் செதுக்கிய துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, இரும்புப் பட்டையால் இறுக்கி, ஒரு வட்டச் சட்டம் செய்கிறார்கள். குறுக்களவு ஏறக்குறைய ஒன்றேகால் அடி. ஆழம் நான்கு விரற்கடைக்குள் அடங்கும். அதன் ஒரு முகத்தில் மட்டும் தோல். மறு முகம் திறந்தே இருக்கும். இளங்கன்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் போகச் சுரண்டி, ஈரத்தோடு சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்துகிறார்கள். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. வறுத்து, தோல் நீக்கி, இடித்து, காய்ச்சிய அந்தப் பசைக்கு நிகராகக் கடையிலே விற்கும் எந்தப் பசையையும் பழைய தப்புக்காரர் ஒப்புக்கொள்வதில்லை. ஈரத்தோல் உலர உலரச் சுருங்கும்; சுருங்கச் சுருங்க இறுகும். அந்த இறுக்கமே தப்பின் குரல்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். தவிலுக்கு வார் உண்டு. இக்காலத்தில் இரும்புத் திருகாணியும் உண்டு. கண்டிய நடனத்துக்கு அடிக்கும் கட்ட பெரயவிலும் இரு முகங்களையும் இணைக்கும் தோல்வார்கள் இருக்கின்றன. தோல் தளர்ந்தால் வாரை இழுத்துக் கட்டலாம், இறுகினால் நெகிழ்த்தலாம். தப்புக்கோ இந்த வசதி ஒன்றுமில்லை. சட்டத்தில் ஒட்டிய தோல் ஒட்டியதுதான். அதன் சுருதியைக் கூட்டுவதற்கு ஒரே வழி நெருப்பு. குறைப்பதற்குக் காற்றின் ஈரம் போதும், அது கேளாமலே வந்து குறைத்துவிடும். தப்பின் இன்பமும் துன்பமும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

பழந்தமிழ் நூலோர் நிலத்துக்கொரு பறை வகுத்தனர். தொல்காப்பியம் கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்தது; குறிஞ்சி நிலத்துக்குத் தொண்டகப்பறை என்று பின்னோர் கூறினர். மலையிலே முழங்குவதால் தோட்டத்துத் தப்பைத் தொண்டகப்பறையின் வழித்தோன்றல் என்று சொல்லிவிட ஆசை எழுவது இயல்பு. ஆனால் அது பொருந்தாது. இத்தப்பு மலையிற் பிறந்த கருவியன்று. மலைக்குக் கொண்டுவரப்பட்ட கருவி. 1820-களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டின் சமவெளி மாவட்டங்களிலிருந்து வந்த மக்கள், மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளை சேர்ந்தபோது, சுமந்து வந்த சிறு உடைமைகளோடு இந்தக் கலையையும் கொண்டுவந்தனர். வெயிலும் வறட்சியும் நிறைந்த ஊர்களுக்கு ஏற்றதாய் அமைந்த கருவி, மழையும் மூடுபனியும் நிறைந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. மனிதரைப் போலவே கருவியும் இடம் மாறியதன் துன்பத்தை அனுபவித்தது எனலாம்.

இனி அடிக்கும் முறையைப் பார்ப்போம். தப்பை இடத்தோளில் வாரிட்டுத் தொங்கவிட்டு, இடக்கை மேற்புறத்தால் உடலோடு அணைத்துக் கொள்வர். வலக்கையிற் குட்டையும் பருமனுமான அடிக்குச்சி. இடக்கையில் நீண்டு மெல்லிய சிண்டுக்குச்சி; மூங்கிலைப் பிளந்து, வளையும் பதத்துக்குச் சீவியது. இடக்கை தப்பின் விளிம்பைப் பற்றியபடியே சிண்டுக்குச்சியையும் ஏந்தவேண்டும். ஆகவே அந்தக் கைக்குத் தோளிலிருந்தோ முழங்கையிலிருந்தோ வீச்சு இல்லை. விரல்களும் மணிக்கட்டுமே அதன் முழு வலிமை. அடிக்குச்சி தோலின் நடுவிற் பட்டால் ஆழ்ந்த ஓசை. சிண்டுக்குச்சி தோலின் மேற் படுத்தாற்போலப் பட்டால் வெடிப்பான, கூரிய ஓசை. இரண்டும் ஒருங்கே பட்டால் மூன்றாவதோர் ஓசை. அடிப்படை இவ்வளவே. இவற்றை முன்பின்னாய்க் கோத்து, இடைவெளி விட்டு, விரைவு கூட்டி, நூற்றுக்கணக்கான அடிகளை உண்டாக்குகிறார்கள். சாவுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்குத் தனி அடிகள். தொலைவில் நிற்பவர் அடியைக் கேட்டே எந்த லயத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை உணர்ந்துகொள்வார்.

புதிதாய்ப் பழகுபவர் செய்யும் முதற்பிழை குச்சியை இறுகப் பிடிப்பது. இறுகப் பிடித்த குச்சி தோலிலே பட்டபின் உடனே மீளாது. ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு நேரம் தோலை அழுத்தியபடியே நிற்கும். அந்நேரத்தில் தோல் அதிர முடியாது. ஆகவே ஓசை செத்துப்போகிறது. ஓசை போதவில்லை என்று அவர் இன்னும் வலிந்து அடிக்கிறார். வலிந்து அடிக்க அடிக்கப் பிடி மேலும் இறுகுகிறது. ஓசை கூடுவதில்லை, தோல் மட்டும் நைகிறது. தேர்ந்த தப்புக்காரர் கையைக் கவனித்தால் இதற்கு நேர்மாறானதைக் காணலாம். குச்சியைப் பெருவிரலும் சுட்டுவிரலும் தாங்க, மற்ற விரல்கள் தளர்ந்திருக்கும். குச்சி தோலைத் தொட்ட கணமே தோலின் விறைப்பே அதனை மேலே எறிந்துவிடுகிறது. கை அதைத் தடுப்பதில்லை. அடியை அவர் தோலுக்குள் செலுத்துவதில்லை, தோலிலிருந்து எடுக்கிறார் என்றே சொல்லவேண்டும். அதனால்தான் இரவு முழுவதும் அடித்தும் அவர் தோள் சோர்வதில்லை, தோலும் கிழிவதில்லை.

இரண்டாவது பிழை கோணம். அடிக்குச்சியைச் செங்குத்தாக ஓங்கிக் குத்தினால் விசை முழுவதும் குச்சி நுனியின் சிறு புள்ளியில் இறங்கும். தோலில் முதலில் ஒரு பள்ளம் விழும்; பள்ளம் விழுந்த இடத்தில் நார்கள் நீண்டு மெலியும்; மெலிந்த இடத்திற் பின்னொருநாள் நட்சத்திர வடிவிற் பிளவு தோன்றும். குச்சியைச் சற்றுச் சாய்த்து அடித்தால் விசை ஒரு கோட்டின் நீளம் பரவுகிறது. குச்சி நுனியின் கூரிய விளிம்பைக் கண்ணாடித் துண்டாற் சுரண்டி உருட்டையாக்குவதும் இதற்காகவே. நுனியில் ஒரு சிம்பு எழுந்திருந்தாலும் அது ஊசி போல வேலை செய்யும். மூத்தவர்கள் அடிக்குமுன் குச்சி நுனியைக் கன்னத்தில் உரசிப் பார்ப்பது வேடிக்கையாகத் தோன்றும். கைவிரலிலே காய்ப்பு ஏறியவருக்குச் சிம்பைக் காட்டிக்கொடுக்கக் கன்னத்தைத் தவிர வேறு மென்மையான இடம் ஏது?

ஆனால் பெரும்பாலான தப்புக்கள் நடுவிலே கிழிவதில்லை. விளிம்பிலேதான் கிழிகின்றன. சட்டத்தின் ஓரத்தில் தோல் மடிந்து இறங்குகிறது. மடிந்த இடத்தில் ஏற்கனவே இழுவை மிகுதி. அடியில் மரம் இருப்பதால் தோலுக்கு விட்டுக்கொடுக்க இடமுமில்லை. சிண்டுக்குச்சி அந்த விளிம்பைத் தாண்டித்தான் தோலின் மேல் நீள்கிறது. இடக்கை சோர்ந்து தாழ்ந்தால், குச்சி தோலில் விழாமல் விளிம்பிலே விழுகிறது. மேலே மூங்கில், கீழே மரம், இடையிலே தோல்: கத்தரிக்கோலின் இரண்டு அலகுக்கு நடுவே துணி அகப்பட்டது போலத்தான். அங்கே ஒரு மயிரிழை வெட்டு விழுந்தால், தோலின் இழுவையே அதனை நீட்டிச் செல்லும். அதே இடத்திற் சிண்டுக்குச்சியும் பிளக்கும். ஒருவருடைய குச்சி எப்போதும் ஒரே அளவு தூரத்தில் முறிகிறதென்றால் குற்றம் மூங்கிலில் இல்லை, இடக்கையில் இருக்கிறது என்று பழைய ஆசான்மார் கண்டுகொள்வர். முறிந்த குச்சியைப் பார்த்தே பிழையைத் திருத்துவது அவர்கள் முறை. சிலர் விளிம்பைச் சுற்றித் துணிநாடா ஒட்டி அந்த இடத்தைக் காப்பாற்றுவதும் உண்டு.

உறுமியின் பாடு வேறு. தோட்டத்துக் கோயில்களிலும் கூத்துக்களிலும் தப்போடு சேர்ந்து முழங்கும் அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உராய்ந்து ஓசை எழுப்புகிறார்கள். அடியால் வரும் கேட்டைவிட உராய்வால் வரும் கேடு மெதுவானது, ஆனால் தப்பமுடியாதது. குச்சி ஓடிய தடத்தில் தோல் வழவழத்து, மெலிந்து, கண்ணாடி போலாகிவிடும். தவிலிலோ வலந்தலையை அடிக்கும் விரல்களுக்குக் கூடு அணிகிறார்கள்; கையைக் காக்கும் கவசம் தோலுக்குப் பகையாகாமலிருக்க வேண்டுமே என்று கூட்டின் முனையைச் சீர்செய்வது தவில்காரரின் தினசரிக் கவலை. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்ற மேதைகளின் கையில் விரைவும் நுண்மையும் சேர்ந்து விளங்கியதற்குக் காரணம் வெறும் வலிமையன்று. விரைவு மிகுந்த இடத்தில் விசையைக் குறைக்கத் தெரிந்த கை அது.

இனி ஈரத்தின் கதை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் அதற்குக் கீழே, ஏறக்குறைய 1,270 மீற்றரில். ஹட்டனுக்குச் சற்று மேற்கே வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. வைகாசி முதற் புரட்டாசி வரையில் தென்மேற்குப் பருவக்காற்று மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களை நனைத்துக்கொண்டேயிருக்கும். மழை இல்லாத நாளிலும் மாலையில் மூடுபனி இறங்கிவிடும். பதப்படுத்தாத தோலோ ஈரத்தைக் கண்டால் உறிஞ்சாமல் இராது.

தோல் கவனிப்பது காற்றிலுள்ள நீராவியின் மொத்த அளவையன்று. காற்று தாங்கக்கூடிய அளவில் எவ்வளவு பங்கு நிறைந்திருக்கிறது என்பதையே. வெப்பமான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். பிற்பகல் மூன்று மணிக்கு இருந்த அதே நீராவி, இரவு குளிர்ந்தபின் காற்றின் கொள்ளளவை நிரப்பிவிடுகிறது. அப்போது தோல் ஈரத்தை ஏற்கத் தொடங்குகிறது. ஒரு துளி மழையும் படாமலே, நிழலிலே வைத்த தப்பு இரவு எட்டு மணிக்குத் தளர்ந்து கிடப்பதன் இரகசியம் இதுதான். 'பனி குடித்துவிட்டது' என்று சொல்வது வெறும் உவமையன்று, நடப்பது அதுவே.

தளர்ந்தால் என்ன? இழுத்துக் கட்டிய தோலின் அதிர்வெண், அதன் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும் என்பது பௌதிக நூலோர் கண்ட விதி. இழுவிசை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் இறங்கும். நாலில் ஒரு பங்காகத் தேய்ந்தால் ஒரு முழுத் தாயி இறங்கிவிடும். உறிஞ்சிய நீரால் தோலின் எடையும் கூடுவதால் இறக்கம் இன்னும் மிகுதியாகும். மிருதங்கத்தின் நடுவே இடும் கருஞ்சாந்து அதன் ஓசையை இசைக்கு ஒத்த சுரங்களாக ஒழுங்குபடுத்துகிறது என்று சர் சி. வி. இராமன் 1920-லும், விரிவாக 1934-லும் விளக்கினார். தப்புக்கு அத்தகைய சாந்து இல்லை. வெறுந்தோலின் வெடிப்பே அதன் அழகு. அந்த வெடிப்புக்கு வேண்டியது விறைப்பு. விறைப்புப் போனால் தட்டையாய், துணிமூட்டையை அடித்தாற்போல ஒலிக்கும்.

தேய்மானம் இங்கேதான் மறைந்திருக்கிறது. தளர்ந்த தோல் குச்சியை மேலெறிவதில்லை, குச்சி அமிழ்கிறது. ஓசைக்காக அடிப்பவர் விசையைக் கூட்டுகிறார். ஈரமான நார்கள் மென்மையானவை, எளிதில் நீளும், நீண்டபின் பழைய அளவுக்குத் திரும்பமாட்டா. ஆகவே ஈரத்தோடு அடித்த ஓர் இரவு, உலர்ந்த தோலில் அடித்த பல இரவுகளுக்குச் சமமான கேட்டைச் செய்துவிடுகிறது. பிரட்டுத் தப்படித்தவருடைய நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆனி மாத மழையிலே, விடியுமுன், சூடேற்ற நேரமில்லாமல், எல்லா லயங்களுக்கும் கேட்கும்படி அடிக்கவேண்டும். விடியற்காலையிற் பள்ளத்தாக்கின் அடியிலே குளிர்ந்த காற்றும் மேலே அதைவிட வெப்பமான காற்றும் இருப்பதால், ஓசை மேலே சிதறாமல் நிலத்தை நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும்; இயற்கை அவருக்குச் செய்த ஒரே உதவி அது. மற்றபடி, அவருடைய தப்பு மற்றெல்லாத் தப்புக்களையும்விட விரைவில் அழிவதற்கே விதிக்கப்பட்டிருந்தது.

நெருப்புக்கு வருவோம். தோட்டத்தில் இதற்கு உதவுவது கவ்வாத்து மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சுமந்து வந்து உலர்த்திய தேயிலைக் குச்சிகள் விரைவிற் பற்றி, தெளிந்த சுவாலையோடு எரியும். அதனோடு காய்ந்த புல்லோ காகிதமோ சேர்ப்பர். தப்பின் முகத்தை நெருப்பை நோக்கிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமற் சுற்றிச் சுற்றிக் காட்டவேண்டும். இடையிடையே விரலாற் சுண்டிப் பார்ப்பர். ஓசை படிப்படியாக ஏறும். 'கணீர்' என்று மறுமொழி சொன்னதும் எடுத்துவிடவேண்டும். இன்னும் சற்று ஏறட்டுமே என்று நிற்பவர் தோலை இழப்பார்.

காரணம் உண்டு. தோல் என்பது கொலாஜன் என்னும் புரத நார்களின் பின்னல். ஈரம் நிறைந்த பச்சைத்தோல் 60 பாகை செல்சியசைச் சிறிது தாண்டியதும் அந்த நார்கள் சுருண்டு குறுகிவிடும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்தாற் போல, அந்த மாற்றம் மீளாதது. உலர்ந்த தோல் இதைவிட அதிக சூட்டைத் தாங்கும். ஆகவே நனைந்து தளர்ந்த தப்பை அவசரத்திலே கொழுந்துவிட்டெரியும் நெருப்புக்கு அருகிற் கொண்டுபோவதே மிகப் பெரிய தவறு. முதலில் எட்டத்தில் வைத்து ஈரத்தை ஓட்டவேண்டும், பின்புதான் நெருங்கவேண்டும். அவசரப்பட்டாற் சுருங்கிய தோல் விளிம்பில் உள்ள பசையைப் பெயர்த்துக்கொண்டு வரும், அல்லது அந்த இடம் கொம்பு போலக் கடினமாகி அடுத்த அடியிற் பிளக்கும். விஞ்ஞானச் சொற்கள் ஒன்றும் அறியாத தப்புக்காரர் 'ஈரத்தை ஆற்று, பிறகு சூட்டை ஏற்று' என்னும் முறையிலேயே செய்து வந்தார். இதை ஆய்வுகூடத்தில் அறிந்தவர்களைவிட அவர் முந்தியவர்.

இந்த நெருப்புக் கலையின் முழுச் சோதனை காமன் கூத்து. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையை ஒட்டிக் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமதகனத்தோடு முடியும் அந்நாட்களில், மலையக லயங்கள் உறங்குவதில்லை. ரதியும் மன்மதனும் ஆட, தப்பு ஓயாது ஒலிக்கும். மாசி மாதம் மேற்கு மலைகளில் மழை குறைந்த காலம். பகலில் வெயில் காயும், காற்று உலரும். அதே மாதத்தின் இரவுகளோ கடுங்குளிர். நுவரெலியாப் பக்கத்துப் புல்வெளிகளிற் சில விடியல்களில் உறைபனியும் படியும். எனவே தப்பு பகலில் அளவுமீறி இறுகும். இரவில் அளவுமீறித் தளரும். வெயிலிலே மறந்து வைத்த தப்பு அடியே இல்லாமல் வெடிப்பது இந்த மாதத்திலேதான். நள்ளிரவில் ஆட்டம் உச்சத்தை எட்டும்போது களத்தின் ஓரத்தில் நெருப்பு எரிந்துகொண்டேயிருக்கும். நால்வர் அடித்தால் மேலும் இரண்டு மூன்று தப்புக்கள் நெருப்பருகே காத்திருக்கும். ஒன்று தளர்ந்ததும் அடிப்பவர் தாளம் தவறாமல் மாற்றிக்கொள்வார். நெருப்பைக் காத்து நிற்பது பெரும்பாலும் சிறுவர் வேலை. தப்படிக்கும் கலையின் முதற்பாடம் அங்கேதான் நடக்கிறது. குச்சியைக் கையிலெடுக்குமுன்பே, எந்த ஓசை பச்சை, எந்த ஓசை பதம், எந்த ஓசை தீய்ந்தது என்று சிறுவனுடைய காது தெரிந்துகொள்கிறது.

கிழிந்த தோலுக்கு யார் பொறுப்பு என்பது தோட்டங்களில் எளிதாகத் தீர்ந்த கேள்வியன்று. அழைத்தவர்கள் அரிசியோ காசோ கொடுப்பார்கள்; தோல் கிழிந்தால் அந்த வருவாய் தோலுக்கே சரியாகிவிடும். இதற்குள் வேறொரு கசப்பும் உண்டு. சாவு வீட்டில் தப்படிப்பது பிறப்பினால் இன்னாருடைய கடன் என்ற வழக்கம், தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கடல் கடந்து தோட்டத்துக்கும் வந்தது. கலையைக் கேட்டு மகிழ்ந்தவர்களே கலைஞரைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கினர். அந்த அவமதிப்பைத் தாங்க விரும்பாத இளைஞர் பலர் குச்சியைக் கீழே வைத்தனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அவர்கள் கைவிட்டபோது அடிகள் மட்டும் மறையவில்லை. தோல் பதமிடும் முறை, பசை காய்ச்சும் பக்குவம், நெருப்பின் தூரம் ஆகியவையும் கூடவே மறையத் தொடங்கின. ஓர் அடியை ஒலிப்பதிவிலிருந்து மீட்டுவிடலாம். பசையின் பதத்தை எந்த ஒலிப்பதிவிலிருந்து மீட்பது?

காலம் சிறிது மாறியிருக்கிறது. தமிழ்நாட்டிலே திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளிலேற்றி மேடைக்குக் கொண்டுவந்தனர். மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. மலையகத் தமிழர் தாம் வந்த இருநூறாவது ஆண்டை 2023-இல் நினைவுகூர்ந்தபோது, தமது கலைகளைத் தமது அடையாளமாக எடுத்துரைத்தனர். பிறப்பின் கடனாக இருந்தது, விரும்பிக் கற்கும் கலையாக மாறி வருகிறது.

அத்தோடு புதிய தோலும் வந்திருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே மேளங்களுக்குப் பொலியெஸ்டர் படலத்தைப் பயன்படுத்தத் தொடங்கினர். விலங்குத் தோலின் ஈரத்தொல்லையே அதற்குக் காரணம். இப்போது இரும்பு வளையமும் திருகாணியும் செயற்கைத் தோலும் கொண்ட பறைகள் தமிழ்நாட்டில் விற்பனையாகின்றன. செயற்கைத் தோல் பனியைக் குடிப்பதில்லை. மழையிலும் ஒரே சுருதி; நெருப்பு வேண்டாம்; மாற்றுத் தப்பும் வேண்டாம். ஊர்வலத்துக்கும் மழைக்கால விழாவுக்கும் அதனை எடுத்துச் செல்பவரைப் பழிப்பது நியாயமாகாது. ஆனால் அதன் ஓசையில் மேற்சுரங்கள் நெடுநேரம் கூவிக்கொண்டிருக்கும். தோலின் வெடிப்பு உடனே எழுந்து உடனே அடங்கும் கண்டிப்பு அதற்கில்லை. விரைந்த அடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்குகின்றன. தேய்மானமும் இடம் மாறுகிறது. படலம் நைவதில்லை, அதிற் குழி விழுகிறது, விழுந்த குழி ஆறுவதில்லை. மூங்கிற் குச்சியோ முன்னைவிட விரைவிற் சிம்பு சிம்பாய்ப் பிளக்கிறது. செயற்கைத் தோலிற் பழகிய மாணவர் வலிந்து அடித்தும் கருவி பொறுத்துக்கொள்வதால், தம் பிழையை அறியாமலே வளர்கிறார். தோல் கிழிந்து கற்பித்த பாடம் அவருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே தொடக்கத்திலே தோற்றப்பிற் கற்பித்து, கை தளர்ந்து பழகியபின் வேண்டிய இடத்திற் செயற்கைத் தப்பைக் கொடுப்பதே தக்கது.

தோற்றப்பு வைத்திருப்போர் கவனிக்கவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. அடித்து முடிந்ததும் சூடு ஆறுமுன் உறையிலிட்டு மூடலாகாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். தோல் கீழே படும்படி சிமெந்துத் தரையில் வைத்தால் தரையின் ஈரம் ஏறும். முகத்தைச் சுவருக்குத் திருப்பி ஆணியில் மாட்டுவது நலம், ஆனால் அந்தச் சுவர் அடுப்புப் பக்கத்துச் சுவராக இருக்கவேண்டும். மழைச்சாரல் அடிக்கும் இஸ்தோப்புச் சுவராக இருக்கலாகாது. விளிம்பிலே பசை விட்டிருந்தால், கை நகம் நுழையும் அளவு இருக்கும்போதே ஒட்டிவிடவேண்டும். எண்ணெய் பூசினால் தோல் மென்மையாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். மென்மையாகத்தான் ஆகும், அதன்பின் எந்த நெருப்பும் அதை விறைக்கச் செய்யாது.

முன்னாளிற் சில வீடுகளில், காமன் எரிந்த மறுநாள் தப்பைத் துடைத்து அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார்கள். சமையற் புகை ஆண்டு முழுவதும் அதன்மேற் படியும். புகை பூச்சியை அண்டவிடாது, பூஞ்சணத்தைத் தடுக்கும், தோலை இளஞ்சிவப்பிலிருந்து கருந்தவிட்டு நிறத்துக்குக் கொண்டுவரும். அடுத்த மாசியிற் பரணிலிருந்து இறக்கி, புகைக்கரியைத் துணியால் துடைத்து, மிலாற்று நெருப்பிலே முதற்சூடு காட்டும்போது, அந்த வீட்டு மூத்தவர் குச்சியைத் தேடமாட்டார். நடுவிரலை மடக்கி ஒருமுறை சுண்டுவார். காதை அருகிற் கொண்டுபோவார். பிறகு தப்பைச் சற்று எட்டத்தில் பிடித்துக்கொண்டு, நெருப்பின் முன் மீண்டும் குந்திக்கொள்வார்.